முழுநேர வேலை, பகுதிநேர மனுசி

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் நம்ம பொம்பளை ஒருத்தி கரண்டி பிடித்தால் ஊரே திரண்டு விடுகிறது. அதே பள்ளிக்கூடத்துக் கக்கூசில் அவளே விளக்குமாறு பிடித்தால் ஒருத்தனும் வாய் திறப்பதில்லை. "எங்க பிள்ளைங்க போற கக்கூசை இவ எப்படித் தொடலாம்" என்று கேட்டு எந்த ஊர்ச் சாதி இந்துவும் பள்ளிக்குப் பூட்டுப் போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. தீட்டு என்பது கையில் இருக்கிற சமாச்சாரம் என்றால் அது விளக்குமாற்றிலும் இருக்க வேண்டும், பெருக்கித் துடைத்த வகுப்பறைத் தரையிலும் இருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியிலும் இருக்க வேண்டும். இல்லையே. நாலு காசு கூடக் கிடைக்கிற இடத்தில், நாலு பேர் "அம்மா" என்று கூப்பிடுகிற இடத்தில் மட்டும்தான் இந்தத் தீட்டு முளைக்கிறது.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அங்கே அறுந்த நூலை எச்சில் தொட்டு ஒட்ட வேண்டும் என்கிற சாக்கில் தீண்டத்தகாதோரை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். வைத்திருந்தது முதலாளி மட்டுமல்ல, சக தொழிலாளிகள். 1920களின் இறுதியில் ஆலை வேலைநிறுத்தங்கள் நடந்தபோது அம்பேத்கர் செங்கொடிச் சங்கத்தாரிடம் கேட்ட கேள்வி இதுதான்: உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இந்தத் தடை எங்கே? 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதியபோது, சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குவது என்று அவர் சொன்னதற்குப் பின்னால் இந்த ஆலை அனுபவமும் இருக்கிறது. நெசவுப் பிரிவு என்கிற இடத்தில் சத்துணவுக் கூடம் என்று போட்டுப் படியுங்கள். நூற்றாண்டு ஆகப் போகிறது, வாக்கியத்தில் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

திருப்பூர் மாவட்டம், அவினாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் 2018 ஜூலையில் நடந்தது நினைவிருக்கும். அருந்ததியர் பெண் ஒருவர் அங்கே சமையலராக மாற்றலாகி வந்தார். அவருடைய சொந்த ஊர்ப் பள்ளி அது. சாதி இந்துக்கள் திரண்டு, இவள் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று தடுத்தார்கள். அதிகாரிகள் என்ன செய்திருக்க வேண்டும்? போலீசுக்கு எழுதியிருக்க வேண்டும். செய்தது என்ன? அந்த அம்மாவை வேறு பள்ளிக்குத் தூக்கி உத்தரவு போட்டார்கள். இயக்கங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அந்த வழக்கில் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறை என்று திருப்பூர் நீதிமன்றம் சொன்னது 2025 நவம்பரில். ஏழு வருசம். வழக்கைக் கைவிடாமல் இழுத்துக்கொண்டு வந்த தோழர்களைக் கும்பிட வேண்டும்.

ஆனால் ஒன்று. தடுத்தவர்களைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு அந்த மாற்றல் உத்தரவைப் பற்றிப் பேசவில்லை. பத்துப் பேர் வந்து கூச்சல் போட்டால் ஒரு வாத்தியாரை அப்படித் தூக்கிவிட முடியுமா? சங்கம் இருக்கிறது, பணி விதி இருக்கிறது, கலந்தாய்வு இருக்கிறது, உயர்நீதிமன்றத்தில் தடை வாங்க வக்கீல் இருக்கிறார். சமையக்காரம்மாவுக்கு என்ன இருக்கிறது? ஊர்க்காரன் சாதியைப் பார்த்துத் தடுத்தான், சரி. அரசு எந்திரம் அந்தத் தடையை ஒரு காகிதத்தில் நிறைவேற்றிக் கொடுக்க முடிந்ததே, அது எப்படி? அவள் அரசு ஊழியரே அல்ல என்று அரசு ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதால்தான். நான் சொல்ல வருவது இதைத்தான். ஊரில் சாதி தீட்டு என்கிற பெயரில் இருக்கிறது, அலுவலகத்தில் அதற்குத் தொகுப்பூதியம், மதிப்பூதியம், பகுதிநேரம் என்று பெயர்.

2023இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த கையோடு கரூர்ப் பக்கம் வேலஞ்செட்டியூரிலும், எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியிலும் அதே கதை நடந்தது. தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. கலெக்டர் போனார், அமைச்சர் போனார், நாடாளுமன்ற உறுப்பினர் போனார், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போட்டோ வந்தது. நல்லது, குறை சொல்லவில்லை. ஒரு காலத்தில் இதைக்கூடச் செய்ய ஆளில்லை. ஆனால் அந்தப் பெண் யார்? மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து எடுக்கப்பட்டவர். அரசுத் திட்டத்தில் அரசுப் பள்ளியில் அரசு அரிசியை வேக வைக்கிறவர், அரசு ஊழியர் இல்லை. அமைச்சர் ஒரு வேளை அவர் கையால் சாப்பிட்டதற்குப் பதிலாக ஒரு பணி நியமன ஆணையை அவர் கையில் கொடுத்திருந்தால், மறுநாள் ஊர்க்காரன் யோசித்துப் பேசியிருப்பான்.

நம்ம ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு போட வேண்டும் என்றது. 2004 ஏப்ரலில், சமையல்காரர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது. பதினேழு வருசம் கழித்து, 2021 டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்தில் சுகிதாங் என்கிற ஊரில் தலித் பெண் ஒருவர் சமையலுக்கு வந்தார். மேல்சாதிப் பிள்ளைகள் சாப்பாட்டைப் புறக்கணித்தார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணை நீக்கினார்கள். எழுதிய காரணம் சாதியல்ல, நியமன நடைமுறை சரியில்லையாம். மாற்றாக மேல்சாதிப் பெண் ஒருவரைச் சமைக்க வைத்தபோது நம் பிள்ளைகள் தட்டைத் தொடவில்லை. நாடே பார்த்துச் சிரித்தது, அவரையே மறுபடி வேலைக்குச் சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் எந்தத் தலைமையிடம் பாடம் படித்தார்கள் தெரியவில்லை, நமக்கு வகுப்பெடுக்கலாம். ஆனால் நீக்கியபோதும் சேர்த்தபோதும் அதிகாரிக்குத் தேவைப்பட்டது ஒரு சொல்தான்: நடைமுறை. மதிப்பூதியக்காரியை வைக்கவும் எடுக்கவும் அவ்வளவு போதும்.

சமையலறைக்காவது போட்டோ உண்டு, வழக்கு உண்டு, தலையங்கம் உண்டு. கக்கூஸ் கழுவுகிறவளுக்கு அதுவும் இல்லை. அவளை யாரும் தடுப்பதில்லையே, செய்தி எங்கிருந்து வரும்?

ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அவளுடைய நாளைக் கொஞ்சம் பாருங்கள். எட்டு மணிக்கு முன்னால் கேட்டைத் திறக்கிறாள். வகுப்பறைகள், தாழ்வாரம், தலைமையாசிரியர் அறை எல்லாம் பெருக்கி முடிக்கும்போது பிரேயர் மணி. பிறகு கக்கூஸ். தண்ணீர் வந்தால் ஒரு மணி நேரம், வராவிட்டால் கைப்பம்பிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிற நேரமும் சேரும். எந்தப் பிள்ளையாவது வாந்தி எடுத்தால் ஆயாம்மாவைக் கூப்பிடு. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அழுதால் ஆயாம்மாவைக் கூப்பிடு. டீ வாங்கப் போ, தபாலாபீசுக்குப் போ. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கைகழுவும் இடத்துச் சோற்றை அள்ளு, மறுபடி கக்கூஸ். குப்பையைக் கொளுத்து, செடிக்குத் தண்ணி ஊற்று, கேட்டைப் பூட்டு. காகிதத்தில் இவள் பகுதிநேரம். கிராமப் பள்ளிகளில் ஊரக வளர்ச்சித் துறை வழியாக இதற்கென்று ஒதுக்கியது, தொடக்கப் பள்ளி என்றால் மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆரம்பிக்கிற கணக்கு. அதுவும் மாதா மாதம் வந்தால் அதிசயம்.

அந்த ஆயிரத்தையும் மிச்சம் பிடிக்கிற பள்ளிகளில் என்ன நடக்கும்? ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் பாலக்கரை ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்த விவகாரம் 2022இல் வெளியே வந்தது. டெங்குக் காய்ச்சலில் ஒரு பையன் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தாய்க்கே தெரிந்தது. தலைமையாசிரியை கைதானார். பாருங்கள், வேலைக்கு ஆளில்லை என்றதும் அந்த வேலை எல்லாப் பிள்ளைகள் மேலும் சமமாக விழவில்லை. எந்தத் தெருவிலிருந்து ஆள் வர வேண்டுமோ அந்தத் தெருப் பிள்ளைகள் மேல்தான் விழுந்தது. அரசாங்கம் நியமன ஆணை கொடுக்காவிட்டால் என்ன, சாதி எப்போதோ கொடுத்துவிட்டது.

நான் வங்கியில் குமாஸ்தா. என் கவுண்ட்டருக்கு வருகிற பாஸ்புக்குகளில் பாதி இந்தப் பெண்களுடையது. ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்கு மேல் ஓர் அக்கா வருவார்.

"தம்பி, பணம் ஏறியிருக்கா பாரு."

"இல்லக்கா. போன மாசத்துதே இன்னும் வரலையே."

"பிடிஓ ஆபீசுல போட்டாச்சுன்னு சொன்னாங்களே?"

"வரலக்கா."

"சரி, அடுத்த வாரம் பஸ் செலவு பண்ணி வரேன்."

வந்து பார்க்கிற பஸ் செலவை மாதச் சம்பளத்தில் கழித்தால் என்ன மிஞ்சும் என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. மகளின் கல்யாணத்துக்கு ஐம்பதாயிரம் கடன் கேட்டு வந்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சம்பளச் சான்றிதழ் கேட்டோம். தலைமையாசிரியர் கொடுக்க முடியாது என்றார், ஏனென்றால் பள்ளி இவரை நியமிக்கவில்லை. ஒன்றிய அலுவலகம் கொடுக்க முடியாது என்றது, ஏனென்றால் பள்ளியில்தான் வேலை. பதினாலு வருசமாக வேலை செய்கிற ஒரு மனுசி எங்கேயும் வேலை செய்யவில்லை. கடைசியில் கழுத்தில் கிடந்த அரைப் பவுனைக் கழற்றி நகைக் கடன் வாங்கிக்கொண்டு போனார்.

மதிப்பூதியம் என்கிற சொல்லைப் பாருங்கள். கவிதை எழுதுகிறவன் என்பதால் சொற்களின் மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். பல்கலைக்கழகத்தில் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகிற பேராசிரியருக்குக் கொடுப்பதும் மதிப்பூதியம்தான், பீ வாரியவளுக்குக் கொடுப்பதும் மதிப்பூதியம்தான். பேராசிரியருக்கு வேறு சம்பளம் இருக்கிறது, இது அதற்கு மேல் ஒரு மரியாதை. இவளுக்கு இருப்பதே இதுதான். கூலி என்று எழுதினால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வரும், மதிப்பு என்று எழுதிவிட்டால் வராது. அவ்வளவுதான் சூட்சுமம். 2020இல் துப்புரவுப் பணியாளர் என்கிற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றியது. சொல் நல்ல சொல்தான். ஆனால் பாஸ்புக்கில் நான் அச்சடிப்பது பெயரை அல்ல, தொகையை.

ஒன்றிய அரசு இன்னும் ஒரு படி மேலே. 2009இல் மதிய உணவுச் சமையலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அதுவும் வருசத்தில் பத்து மாதத்துக்குத்தான் என்று வைத்தது. கோடை விடுமுறையில் வயிற்றுக்கும் விடுமுறை போலிருக்கிறது. தமிழ்நாடு அந்த அளவுக்குப் போகவில்லை என்று நம் ஊரில் பெருமை பேசுவார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அது கஞ்சி ஊற்றியது உண்மை. பின்னால் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்று கிடைத்ததும் போராடிப் பெற்றதுதான். ஆனால் நாற்பதாண்டு கழித்து, 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப அரசு உத்தரவு போட்டபோது வைத்த தொகை மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம். ஒரு வருசம் ஒழுங்காக வேலை பார்த்தால் பிறகு சிறப்புக் காலமுறை ஊதியமாம். நாளைக்கு நூறு ரூபாய்க்கு ஒழுங்கை நிரூபிக்க வேண்டும். சமூக நீதி ஆட்சி என்று மேடையில் பேசுகிற கட்சி எதுவானாலும் இந்தத் தொகையைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும்.

சட்டம் இதை ஒப்புக்கொள்கிறதா? ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு. நாற்பது வருசம் அதைப் பள்ளிச் சமையலறைக்குக் கொண்டு வர ஆளில்லை. உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் ஆயிரம் ரூபாய்க்குச் சமைத்த ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் அலகாபாத் உயர்நீதிமன்றம் போனார். 2020 டிசம்பரில் வந்த தீர்ப்பு, அந்த ஆயிரம் ரூபாய் வேலை கட்டாய உழைப்புதான் என்றது, மாநிலத்தின் எல்லா மதிய உணவுச் சமையலருக்கும் குறைந்தபட்சக் கூலி கொடு என்றது. வேலையை இழந்த ஒருத்தி தனியாக நடந்துபோய் வாங்கிய தீர்ப்பு. பெரிய சங்கங்கள் வாங்கியதல்ல.

இதற்கு எதிராக அதிகாரிகள் எப்போதும் எடுத்து நீட்டுவது 2006 உமாதேவி தீர்ப்பு. முறையான தேர்வில்லாமல் உள்ளே வந்தவர்கள் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்பார்கள். கக்கூஸ் கழுவக் கொல்லைப்புறமாக வந்துவிட்டாளாம்! முன்வாசலை எந்தக் காலத்தில் திறந்து வைத்தீர்கள்? 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, ஜக்கோ என்பவர் தொடுத்த வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பத்து இருபது வருசம் பெருக்கிய, தோட்ட வேலை செய்த பகுதிநேரக்காரர்களை நிரந்தரப்படுத்தச் சொன்னது. உமாதேவி தீர்ப்பை நீண்டகாலம் உழைத்தவர்களுக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுத்தாதே என்கிற தொனியில் அரசுக்குக் குட்டும் வைத்தது. இந்தத் தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கத்தைத் துண்டறிக்கையாக அச்சடித்து ஒவ்வொரு ஒன்றிய அலுவலக வாசலிலும் கொடுக்கலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு ராத்திரி வேலை.

பகுதிநேரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் தொழிலிலிருந்தே ஒரு பதில் உண்டு. அரசுடைமை வங்கிகளில் பெருக்குகிறவரும் பகுதிநேரம்தான். ஆனால் சங்கங்களும் நிர்வாகங்களும் போட்ட இருதரப்பு ஒப்பந்தத்தில் அவருடைய மணி நேரத்துக்குக் கணக்கு உண்டு. வாரத்துக்கு 6 மணி நேரத்துக்கு மேல் 13 வரை என்றால் முழுச் சம்பள விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு. 19 வரை பாதி. 29 வரை முக்கால். 29ஐத் தாண்டினால் முழுச் சம்பளம். பங்கு குறைந்தாலும் பஞ்சப்படி உண்டு, வருடாந்தர உயர்வு உண்டு. அவரும் பெரும்பாலும் நம்ம ஆள்தான், வேலையும் அதே விளக்குமாறுதான். வித்தியாசம் என்ன? அவருடைய நேரத்தை ஒருத்தன் உட்கார்ந்து எண்ணி ஒப்பந்தத்தில் எழுத வைத்தான். (இப்போது வங்கிகளும் அந்த இடங்களை ஒழித்துக் காண்ட்ராக்டில் விடுகின்றன. அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்வோம்.) பள்ளித் தூய்மைப் பணியாளருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் அவர் எந்தப் படியில் நிற்பார் என்று நீங்களே பாருங்கள். நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். முப்பது. முழுச் சம்பளம்.

அந்த மணி நேரத்தை எண்ணுவதற்கு யார் இருக்கிறார்கள்? ஆசிரியர் சங்கங்களும் அரசு ஊழியர் சங்கங்களும் சேர்ந்த ஜாக்டோ ஜியோ 2019 ஜனவரியில் நடத்திய வேலைநிறுத்தத்தில் சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களுக்குக் காலமுறை ஊதியம் என்பதும் கோரிக்கைதான். மறுக்கவில்லை. ஆனால் தெருவில் கேட்ட முழக்கம் எது? பழைய ஓய்வூதியம். பேச்சுவார்த்தை மேசையில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது எது என்று சங்கத்தில் இருக்கிறவர்களுக்கே தெரியும். அதே பள்ளியில், அதே கூரைக்குக் கீழே, ஆசிரியருக்கும் ஆயாம்மாவுக்கும் தனித்தனி டம்ளர் இருக்கிற ஊர்களில் சங்கம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

நம்ம பக்கமும் சொல்ல வேண்டும். இட ஒதுக்கீட்டில் ஆசிரியரானவர்கள், என்னைப் போல வங்கியில் உட்கார்ந்தவர்கள், எல்லாரும் சேர்ந்து எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் நலச் சங்கங்கள் வைத்திருக்கிறோம். பதவி உயர்வு, சுழல் பட்டியல், பின்னடைவுக் காலியிடம் என்று பேசுகிறோம். தேவைதான். ஆனால் நம் அத்தையும் சித்தியும் செய்கிற வேலைக்குச் சுழல் பட்டியல் கிடையாது, அங்கே நூற்றுக்கு நூறு நமக்கே ஒதுக்கீடு. டிசம்பர் ஆறாம் தேதி மாலை போட வருகிற சங்கங்கள் உறுப்பினர் படிவத்தில் மதிப்பூதியக்காரர்களுக்கு ஒரு வரி சேர்க்க எத்தனை நாளாகும்? இயக்கங்களும் சமையலறைத் தடை வந்தால் ஓடுகின்றன, ஓட வேண்டும். தடை வராத கக்கூசுக்கும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். சமையலறைக்குள் நுழைகிற உரிமையும் கக்கூசை விட்டு வெளியே வருகிற உரிமையும் ஒரே போராட்டம்தான். ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டால், நம்மில் ஒருத்தியைக் கரண்டியோடு உள்ளே அனுப்பிவிட்டு இன்னொருத்தியை விளக்குமாற்றோடு அங்கேயே நிறுத்தியதாகத்தான் ஆகும்.

மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். உங்கள் ஒன்றியத்தில் ஒவ்வொரு பள்ளியையும் தூய்மை செய்வது யார், எந்த உத்தரவின்படி, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எந்தெந்தத் தேதியில் எவ்வளவு கொடுக்கப்பட்டது, வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா? முப்பது நாளில் பதில் தர வேண்டும். அது வருவதற்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஆயாம்மாவிடம் கொடுங்கள். கேட் திறந்த நேரம், பூட்டிய நேரம், இடையில் சொன்ன வேலை. எழுதத் தெரியாது என்றால் அவருடைய பிள்ளை எழுதட்டும், இல்லாவிட்டால் நீங்கள் சனிக்கிழமை போய் எழுதுங்கள். மூன்று மாதம் ஆனதும் நகல் எடுத்துக்கொண்டு நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.